ரெண்டு திட்டத்தையும் விரிச்சுக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்து

(குற்றாலத்தில் நடைபெற்ற நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில், வரைபடப் பயிற்சியாளராகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



"அடுத்து கம்ப்யூட்டர் வரைபடம் பற்றிப் பேசுவார்" என்று அறிவித்தபோது, பின்வரிசையில் ஒரு அக்கா, "நமக்கு எதுக்கு அது? பேங்க் கடன் பத்திப் பேசினாலாவது பிரயோஜனம் உண்டு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நியாயமான பேச்சுதான். அதனால கம்ப்யூட்டரை அப்புறம் பார்ப்போம். முதலில் ஜவுளிக்கடைக்குப் போவோம்.

தென்காசியில் ஒரு கடைக்குச் சேலை எடுக்கப் போகிறோம். கடைக்காரர் ஒரே ஒரு சேலையை விரித்து, "இதுதான் நல்லாருக்கும், பில் போட்டுரவா?" என்று கேட்டால் விடுவோமா? "அந்தப் பச்சையை எடுங்க, அந்த அரக்குக் கலரைக் காட்டுங்க" என்று நாலைந்தை விரிக்கச் சொல்லுவோம். கரையைப் பார்ப்போம், சாயம் போகுமா என்று கேட்போம், விலையைக் கேட்போம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது நமக்குச் சரி என்று தெரியும்.

குழுவிலும் அப்படித்தானே செய்கிறோம்? ஒரு உறுப்பினர் கடன் கேட்டு வருகிறார். கறவை மாடு வாங்கவா, தையல் மிஷின் வாங்கவா என்று உட்கார்ந்து பேசுகிறோம். மாட்டுக்குத் தீவனம் உண்டா, மிஷினுக்குத் துணி தைக்கக் கொடுப்பார்களா, தவணை எதில் ஒழுங்காக வரும் என்று ரெண்டுக்கும் ஒரே கேள்வியைக் கேட்கிறோம். அப்புறம்தான் தீர்மான நோட்டில் எழுதுகிறோம்.

ஒரு சேலைக்கும் ஒரு கடனுக்கும் இத்தனை கேள்வி கேட்கிற நாம், பல லட்ச ரூபாய் ஊர் வேலைக்கு என்ன செய்கிறோம்? கிராம சபையில் ஒரு பட்டியல் வாசிக்கிறார்கள். "இந்த இடத்தில் தடுப்பணை, இந்த இடத்தில் ரோடு." நாம் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறோம். ஒரே சேலை, ஒரே பில்! "வேறு எங்கே கட்டலாம் என்று பார்த்தீர்களா?" என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

பரவாயில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

தாள் மேல் தாள்

வரைபட மென்பொருள் என்றால் பயப்பட வேண்டாம். எண்ணெய்த் தாள் தெரியும் அல்லவா? கீழே இருப்பது மேலே தெரியும். ஒரு தாளில் ஊரின் குளம், வாய்க்கால், ஓடை மட்டும் வரையுங்கள். இன்னொன்றில் வீடுகளும் தெருக்களும். இன்னொன்றில் சர்வே எண்கள். நாலாவதில் மேடு பள்ளம். எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், எந்த வீடு பள்ளத்தில் இருக்கிறது, எந்த ரோடு ஓடையைக் குறுக்கே வெட்டுகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். அமெரிக்காவில் இயன் மெக்ஹார்க் என்பவர் ரோடு போட இடம் தேடுவதற்கு இப்படித்தான் தாள் மேல் தாள் வைத்துப் பார்த்தார். 1969இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

அதே வேலையை இன்றைக்குக் கம்ப்யூட்டர் செய்கிறது. ஒவ்வொரு தாளுக்கும் 'அடுக்கு' என்று பெயர். வேண்டியதை வைக்கலாம், வேண்டாததை மறைக்கலாம். 2002இல் தொடங்கிய கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளுக்குக் காசே கிடையாது. நமது இஸ்ரோ 2009இல் கொண்டுவந்த 'புவன்' தளத்தில் செயற்கைக்கோள் படத்தை யாரும் பார்க்கலாம்.

இதில் பெரிய வசதி என்ன தெரியுமா? தடுப்பணையை இங்கே வைத்தால் என்ன, அரை கிலோமீட்டர் மேலே வைத்தால் என்ன என்று, மண்ணில் ஒரு கல் வைப்பதற்கு முன்னாலேயே ரெண்டையும் படத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். தப்பு நடந்தாலும் அது கம்ப்யூட்டரில் நடக்கும் தப்பு. அழித்துவிடலாம். சிமெண்ட் போட்ட பிறகு அழிக்க முடியுமா?

ஆச்சி சொன்ன ஓடை

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஊர்ப்பேர் வேண்டாம். மலையடிவாரத்தில் ஒரு ஊராட்சி. அங்கே குழுப் பெண்கள் கூடவும், பொருள் வைக்கவும் ஒரு கொட்டகை போட இடம் தேடினோம். நான் படம் போட்டேன். ரோட்டுக்குப் பக்கம், மேடு, புறம்போக்கு, கரண்ட் கம்பம் அருகில் என்று எல்லாக் கணக்கும் போட்டதில் ஒரு இடம் முதலாவதாக வந்தது. பெருமையாக அச்செடுத்துக் கொண்டுபோய் விரித்தேன்.

ஒரு ஆச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "ஏ பிள்ள, அங்கன ஓடை போவும்லா? தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல அதுலதான எங்க ஆடு போச்சு" என்றார்கள். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த பெருவெள்ளம் உங்களில் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

என் படத்தில் ஓடை இல்லை. மேடு என்றுதான் காட்டியது. நேரில் போய்ப் பார்த்தோம். சீமைக் கருவேல் மூடிக் கிடந்தது. உள்ளே நுழைந்து பார்த்தால் ஆச்சி சொன்னது சரி. ஓடை இருந்தது.

கம்ப்யூட்டர் ஏன் பொய் சொன்னது? பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரியவில்லை. 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் எண்டெவர் விண்கலம் பூமியைச் சுற்றிவந்து மேடு பள்ளத்தை அளந்தது. 2005 மே மாதம் நம் இஸ்ரோ அனுப்பிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளும் அந்த வேலையைச் செய்தது. இதில் இலவசமாகக் கிடைக்கிற உயரக் கணக்கு பெரும்பாலும் 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டமாகத்தான் வரும். ஒரு கட்டம் 900 சதுர மீட்டர். நம்ம கணக்கில் சுமார் 22 சென்ட். அந்த 22 சென்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு உயரம்தான் எழுதியிருக்கும். 22 சென்டுக்குள் ஆறடி அகலத்தில் ஒரு ஓடை போனால் அது எப்படித் தெரியும்?

பெரிய மலை, பெரிய ஆறு, பெரிய குளம் எல்லாம் வானத்திலிருந்து தெரியும். ஆறடி ஓடை, தலைச்சுமையோடு நடக்கிற ஒற்றையடிப் பாதை, கோடையில் வற்றாத கிணறு, கள்ளச்சாராயம் விற்றதால் பெண்கள் போகாமல் விட்ட வழி, இதெல்லாம் நடந்தவர்களுக்குத்தான் தெரியும். நடந்தவர்கள் யார்? நாம்தான்.

கொட்டகையை வேறு இடத்துக்கு மாற்றினோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. நம்ம பக்கம் அந்த அளவு இல்லையென்றாலும் அந்த ஓடையில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. நான் முதலில் காட்டிய இடம் தண்ணீருக்குள் இருந்தது. அன்றைக்கு நான் ஆச்சியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கீழே வெயில், மேலே மழை

இந்தக் குற்றாலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அருவியில் நிற்பவனுக்கு மேலே மலையில் பெய்கிற மழை தெரியாது. அவன் நிற்கும் இடம் கொஞ்சம், அவன் தலைக்கு வரும் தண்ணீர் சேர்கிற இடம் மிகப் பெரியது. அந்தப் பெரிய இடத்துக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்று பெயர்.

ஓர் அருவியைக் காட்டி, "இதற்கு எங்கிருந்தெல்லாம் தண்ணீர் வரும்?" என்று கேட்டால் மென்பொருள் எல்லை போட்டுக் காட்டும். அப்போதுதான் மழைமானியை எங்கே வைப்பது, எச்சரிக்கைச் சங்கு எங்கே வைப்பது, கடைகளை எவ்வளவு தள்ளி வைப்பது என்று ரெண்டு மூணு விதமாகத் திட்டம் போட்டு ஒப்பிட முடியும். சாரல் காலத்தில் குற்றாலத்தில் பொருள் விற்க வருகிற குழுக்கள் நம்மில் உண்டு. கடை எங்கே என்பது வியாபாரக் கேள்வி மட்டும் இல்லை, உயிர்க் கேள்வியும்தான்.

மூன்று திட்டம், நான்கு கேள்வி

சரி, இனி ஒப்பிடுவது எப்படி என்று செய்தே பார்ப்போம். இது ஒரு கற்பனை ஊர், எண்களும் கணக்குப் பழக நான் போட்டவை. மலையடிவாரத்தில் ஓர் ஊர். கோடையில் தண்ணீர்க் கஷ்டம். மூன்று திட்டம் வருகிறது.

முதல் திட்டம், புதிதாக ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும்.

இரண்டாம் திட்டம், ஊருக்குக் கீழே ஓடையில் பெரிய தடுப்பணை.

மூன்றாம் திட்டம், மேலிருந்து கீழாக வருவது. மேட்டில் மண்வரப்பும் சிறு கல்தடுப்பும், நடுவில் பண்ணைக்குட்டை, அடியில் குளத்தைத் தூர்வாருவது.

நாலு கேள்வி கேட்போம். செலவு குறைவா? சீக்கிரம் முடியுமா? கோடையில் தண்ணீர் நிற்குமா? எல்லாத் தெருவுக்கும் சமமாகக் கிடைக்குமா? ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண்.

ஆழ்துளைக் கிணறு: செலவு 4, வேகம் 5, கோடைத் தண்ணீர் 2, சமம் 2. மொத்தம் 13.
பெரிய தடுப்பணை: செலவு 3, வேகம் 3, கோடைத் தண்ணீர் 3, சமம் 2. மொத்தம் 11.
மேலிருந்து கீழ்: செலவு 3, வேகம் 1, கோடைத் தண்ணீர் 4, சமம் 4. மொத்தம் 12.

ஆழ்துளைக் கிணறு ஜெயித்தது. கைதட்டி முடித்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். நாலு கேள்வியும் நமக்குச் சமமா? குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களுக்குக் கோடைத் தண்ணீர்தானே முக்கியம்? கடைசித் தெருவில் இருப்பவர்களுக்குச் சமம்தானே முக்கியம்? அதனால் அந்த ரெண்டு கேள்விக்கும் மதிப்பெண்ணை இரட்டிப்பாக்குவோம்.

ஆழ்துளைக் கிணறு: 4, 5, 4, 4. மொத்தம் 17.
பெரிய தடுப்பணை: 3, 3, 6, 4. மொத்தம் 16.
மேலிருந்து கீழ்: 3, 1, 8, 8. மொத்தம் 20.

பார்த்தீர்களா? படம் மாறவில்லை, மண் மாறவில்லை, மழை மாறவில்லை. எது முக்கியம் என்பது மட்டும் மாறியது. ஜெயித்த திட்டமே மாறிவிட்டது!

இதைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும். "கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்ப்யூட்டர் கூட்டிப் பெருக்கிச் சொல்லும். எதற்கு எத்தனை மதிப்பெண், எதற்கு இரட்டை மதிப்பெண் என்று ஒரு ஆள்தான் உள்ளே எழுதியிருப்பார். அந்த ஆள் யார், நம்மிடம் கேட்டாரா என்பதுதான் கேள்வி.

முதல் திட்டம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. இந்தக் கோடைக்கே குடிக்கத் தண்ணீர் இல்லையென்றால் வேகத்துக்குத்தான் அதிக மதிப்பெண் போட வேண்டும். சில ஊரில் முதல் திட்டத்தை இந்த வருஷமும் மூன்றாம் திட்டத்தை அடுத்த ரெண்டு வருஷமும் செய்யலாம். அதையும் நாலாவது திட்டமாகப் படத்தில் வைத்துப் பார்க்கலாம். தெரிந்து தேர்ந்தெடுக்கிறோமா என்பதுதான் விஷயம்.

'மேலிருந்து கீழ்' என்று நான் சொன்னது புதிதல்ல. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 100 நாள் வேலை நடந்த காலத்தில், அந்த வேலைகளைப் படத்தில் வைத்துத் திட்டமிட 'யுக்தாரா' என்ற இணையதளத்தை 2021 ஆகஸ்ட் 23 அன்று மத்திய அரசு தொடங்கியது. மலைச்சரிவு, ஓடை, நிலப் பயன்பாடு எல்லாம் அதில் அடுக்காக இருக்கும். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தது. சட்டத்தின் பேர் மாறினாலும், ஊராட்சியில் தீட்டுகிற திட்டத்திலிருந்துதான் வேலை பிறக்கிறது. அதனால் திட்டம் தீட்டும் இடத்தில் நாம் இருக்க வேண்டும்.

ஒன்றும் செய்யாவிட்டால்?

ஒப்பிடும்போது பலரும் மறந்துபோகிற ஒரு திட்டம் உண்டு. 'இப்படியே விட்டால் என்ன ஆகும்?' என்பதுதான் அது. அதையும் ஒரு படமாகப் போட வேண்டும்.

அமெரிக்காவில் யூட்டா என்று ஒரு மாநிலம். அங்கே சால்ட் லேக் நகரம் மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒடுங்கிய இடத்தில் இருக்கிறது. ஜனம் பெருகிக்கொண்டே போனது. 1997இல் 'என்விஷன் யூட்டா' என்று ஓர் அமைப்பைத் தொடங்கி ஜனங்களைக் கூட்டினார்கள். மேஜையில் வரைபடத்தை விரித்து, வரப்போகிற வீடுகளுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன அட்டைத் துண்டுகளைக் கையில் கொடுத்து, "எங்கே வைப்பீர்கள், வையுங்கள்" என்றார்கள். கடைசியில் நாலு எதிர்காலத்தைத் தயார் செய்தார்கள். அதில் ஒன்று, போகிற போக்கிலேயே போனால் என்ன ஆகும் என்பது. நிலம் எவ்வளவு போகும், தண்ணீர் எவ்வளவு வேண்டும், செலவு எவ்வளவு என்று நாலுக்கும் ஒரே கேள்வி. 1999இல் அதைப் பத்திரிகையில் போட்டு, படிவம் வைத்து மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். கண்டபடி பரவாமல், கொஞ்சம் நெருங்கி, நடந்துபோகிற தூரத்தில் கடையும் பஸ்ஸும் இருக்கிற திட்டத்தைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள். மேஜையில் உட்கார்ந்து அட்டைத் துண்டை வைத்தவர்களில் சாதாரண ஜனங்கள் எத்தனையோ பேர்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம்ம புளியரை தாண்டினால் கேரளா. அங்கே கண்ணூர் மாவட்டம் கல்லியாசேரியில் 1990களின் தொடக்கத்திலேயே ஊர் ஜனங்களே தன்னார்வமாகச் சேர்ந்து நிலம், தண்ணீர், பயிர் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்தார்கள். 1996இல் மக்கள் திட்ட இயக்கம் அந்த மாநிலம் முழுக்கத் தொடங்கியபோது அந்த அனுபவம் உதவியது.

மஞ்சள், பச்சை, நிலத்தின் விலை

இது கிராமத்துக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தென்காசி நகராட்சியில் 70,545 பேர். 2019 நவம்பரில் மாவட்டத் தலைநகரமாகவும் ஆகிவிட்டது. ஆபீஸ் வருகிறது, மனை போடுகிறார்கள், வயலில் கல் ஊன்றுகிறார்கள். சிற்றாறு இந்தக் குற்றாலத்து மலையில் இறங்கி, தென்காசி வழியாகப் போய் சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்கிறது. வழியெல்லாம் அணைக்கட்டும் வாய்க்காலும் குளமும். ஒரு குளத்து வாய்க்காலை மனை அடைத்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர் எப்படிப் போகும்?

1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி நகரத்துக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் 'முழுமைத் திட்டம்' தயாரிக்கிறார்கள். அந்தப் படத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை என்று நிறம் இருக்கும். ஒரு சர்வே எண் பச்சையிலிருந்து மஞ்சளாக மாறினால் நிலத்தின் விலை ஏறும். நிலத்துக்காரருக்குச் சந்தோஷம். அதில் குத்தகைக்குக் கத்தரியும் வெண்டையும் போட்டு வாரச்சந்தையில் விற்கிற நம் உறுப்பினருக்கு? அவர் பேர் எந்தப் பட்டாவிலும் இல்லை. படத்திலும் இல்லை.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு கதவு இருக்கிறது. வரைவுத் திட்டத்தை அறிவித்து, ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்தில் கொடுக்கக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் கொடுக்க வேண்டும். நிலம் இருப்பவர்தான் எழுத வேண்டும் என்று இல்லை, யாரும் எழுதலாம். திருமங்கலம் - கொல்லம் சாலையை நாலுவழியாக்க அளந்தபோது, நன்செய் வழியாக வேண்டாம், வேறு பாதை பாருங்கள் என்று நம்ம பக்கத்து விவசாயிகள் மனு கொடுத்தார்களே, அதுவும் ரெண்டாவது படம் கேட்பதுதான்.

நாம் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதற்கு முன்னால் நம் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு கிராம வறுமை குறைப்புத் திட்டம் எழுதிக் கொடுக்கிறது. அதை வெறும் பட்டியலாக இல்லாமல் படத்தோடு கொடுப்போம்.

ஒன்று. ஊராட்சியின் கிராம வரைபடத்தை ஒரு நகல் வாங்கி வையுங்கள்.

இரண்டு. தெருவுக்கு ரெண்டு பேர் சேர்ந்து ஊரைச் சுற்றி நடங்கள். ஒரு ஆச்சி கட்டாயம் இருக்க வேண்டும். வெள்ளம் வந்த இடம், வற்றாத கிணறு, அடைபட்ட ஓடை, இருட்டான வழி, சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் குறியுங்கள்.

மூன்று. செல்போன் உள்ள பிள்ளைகளை விட்டு அந்த இடங்களில் நின்று இடக்குறியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். படித்த பிள்ளை ஒன்று இருந்தால் மென்பொருளில் ஏற்றிவிடும்.

நான்கு. எந்த வேலையானாலும் குறைந்தது ரெண்டு இடம், ரெண்டு விதம் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவதாக 'ஒன்றும் செய்யாவிட்டால்' என்பதையும் கேளுங்கள்.

ஐந்து. எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்று நாமே முதலில் முடிவு செய்வோம். படம் பார்த்த பிறகு மதிப்பெண்ணை மாற்றினால், வேண்டிய திட்டத்துக்கு வசதியாக மாற்றுகிறோம் என்று ஆகிவிடும்.

(உரைக்குப் பின் உறுப்பினர்கள் சிலர் கேள்வி கேட்டனர்.)

உறுப்பினர்: எங்க குழுவுல பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மேப் எப்படிப் பாப்போம்?

பதில்: கோலம் போடத் தெரியுமா? போதும். கோயில் முன்னால் தரையில் கோலப்பொடியால் ஊரை வரையுங்கள். குளத்துக்கு நீலப்பொடி, வீட்டுக்குப் புளியங்கொட்டை. முடித்ததும் ஒரு போட்டோ எடுத்துவிட்டால் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம். 1989இல் தர்மபுரியில் மகளிர் குழுக்களைத் தொடங்கியபோது இவர்களுக்குக் கணக்கு எழுத வருமா என்று கேட்டவர்களும் உண்டு. இன்றைக்கு நம் நோட்டைப் பார்த்துத்தானே பேங்க் கடன் கொடுக்கிறது?

உறுப்பினர்: நாங்க புறம்போக்குல வீடு கட்டியிருக்கோம். படம் போட்டா எங்களைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிராதா?

பதில்: நல்ல கேள்வி, மறைக்காமல் சொல்கிறேன். ஆகலாம். படம் ரெண்டு பக்கமும் வெட்டும். அதனால் எதைப் போடுவது, எதை விடுவது என்று குழுவில் பேசி முடிவு செய்யுங்கள். ஆள் பேரையும் வீட்டையும் சேர்த்துப் போட வேண்டாம். மூலப்படம் கூட்டமைப்பிடம் இருக்கட்டும். அதே சமயம் ஒன்றை யோசியுங்கள். வீடு படத்திலேயே இல்லையென்றால், 'இங்கே யாரும் இல்லை' என்று நினைத்து அதன் மேல் ரோடு போடவும் வாய்ப்பு உண்டு. எது நல்லது என்று அங்கே குடியிருப்பவர்தான் சொல்ல வேண்டும், நான் அல்ல.

உறுப்பினர்: கிராம சபையில இதெல்லாம் கேட்டா, 'உங்களுக்கு எதுக்கு'ன்னு சொல்லுதாங்களே?

பதில்: தனியாகக் கேட்டால் சொல்வார்கள். இருபது பேர் சேர்ந்து, கையில் நம்ம படத்தோடு எழுந்து நின்று கேளுங்கள். சண்டை வேண்டாம். "இந்த இடத்தில் தடுப்பணை என்கிறீர்கள், சரி. அரை கிலோமீட்டர் மேலே வைத்தால் என்ன ஆகும் என்று காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் பார்த்திருந்தால் சொல்வார்கள். பார்க்கவில்லையென்றால், பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். நம் கேள்வியைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அவ்வளவுதான் சகோதரிகளே. கடன் பற்றிப் பேசுங்கள் என்று சொன்ன பின்வரிசை அக்காவுக்கு ஒரு வார்த்தை. மாட்டுக்கு வாங்கின கடன் திரும்பி வர வேண்டுமென்றால் மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவாகிற இடத்தில் நாம் இருந்தால்தான் அந்தத் தவணையும் ஒழுங்காக வரும். அடுத்த கிராம சபைக்கு முன்னால் ஓர் ஊராவது நடந்து, படம் போட்டுக் கொண்டு வாருங்கள். மென்பொருளில் ஏற்ற நான் வருகிறேன்.